பீரோவில் உறங்கும் மடிக்கணினி

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் குழுவின் ஆண்டு வேலைகளைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்துள்ளனர். கல்வி உதவித்தொகை, நோட்டுப் புத்தகம் வழங்கியது ஆகியவற்றின் கணக்கு இவ்வறிக்கையின் வேறு பக்கங்களில் உள்ளது. ஆகவே அவற்றை விடுத்து, நம் வீடுகளில் இருந்தும் நாம் மறந்துவிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நமக்குத் தெரிந்த வீடுகளில் பீரோவின் மேல்தட்டைத் திறந்து பார்த்தால், பழைய துணியில் சுற்றிய மடிக்கணினி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் அரசிடமிருந்து பெற்றது. "அது ஓடாதுங்க, ரொம்ப ஸ்லோ" என்பதே அதைப் பற்றி வீட்டார் கூறும் ஒரே செய்தி.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்கள் கைக்கு வந்தன. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. அன்று அது போதுமானதாகவே இருந்தது. அக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் பதிந்து வந்தன என்பதை மட்டும் பலர் கவனிக்கவில்லை. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். கணினியை இயக்கியவுடன் கறுப்புத் திரையில் சில நொடிகள் ஒரு பட்டியல் தோன்றி மறையும். அதன் பொருள் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. நாமும் எடுத்துரைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நமக்கு அறியும் வாய்ப்பே இல்லாமல் இருந்தது என்றும் சொல்ல இயலாது. 2008ஆம் ஆண்டு விடுமுறையில் துபாயிலிருந்து வந்த நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் தம் மகனுக்கு ஏழு அங்குலத் திரை கொண்ட சின்னஞ்சிறு கணினி ஒன்றைக் கொண்டு வந்தார். ஏஸஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'ஈ பிசி' அது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு; நினைவகம் 512 எம்பி; சேமிப்பிடம் வெறும் 4 ஜிபி. அதற்குள் இருந்தது லினக்ஸ். படிக்க, எழுத, இணையம் பார்க்க என்று பெரிய பெரிய படங்களாக இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையும் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொள்ளும். நம் இளைஞர்கள் செய்த முதல் வேலை, அதை அழித்துவிட்டு விண்டோஸ் எக்ஸ்பி பதிந்தது! நான்கு ஜிபியில் எக்ஸ்பியே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, ஒரு மாதத்தில் அக்கணினி பெட்டிக்குள் போயிற்று. அந்த இளைஞர்களில் நாமும் இருந்தோம்.

அக்காலத்தில் உலகெங்கும் இதே பேச்சாக இருந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி, ஏழைப் பிள்ளைகளுக்கு 100 டாலர் மடிக்கணினி என்ற திட்டத்தை 2005இல் அறிவித்தார். அதிலும் லினக்ஸே இருந்தது. விலை 100 டாலருக்குள் அடங்கவில்லை. இந்திய அரசும் 2006இல் வேண்டாம் என்று கூறிவிட்டது. ஆயினும் மலிவான கணினிக்கு மலிவான இயங்குதளம் வேண்டும் என்ற எண்ணம் அன்று நிலைபெற்றது.

லினக்ஸ் என்றால் என்ன என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், உள்ளே எப்படி எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று கூறி ஒரு பணியைத் தொடங்கினார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவையான கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் லினக்ஸ் என்று அழைப்பது. தமிழில் இத்தகையவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்பர். டெபியன் என்னும் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கி 2007இல் வெளியிட்டதே பாஸ். ஆக, நம் பீரோவில் இருப்பது சென்னையில் ஆக்கப்பட்ட பொருள்! தமிழக அரசின் எல்காட் நிறுவனமும், சி.உமாசங்கர் இ.ஆ.ப. அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது.

இனி நம் வீட்டுக் கணினிக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் வைரஸ் புகுந்து அது மெதுவாகிறது. கடைக்குக் கொண்டு போகிறோம். "ஓ.எஸ். போடணும்" என்று கூறி ஐந்நூறோ அறுநூறோ வாங்கிக்கொண்டு ஒரு விண்டோஸைப் பதிந்து தருகிறார்கள். அது விலை கொடுத்து வாங்கியதா, களவாக நகலெடுத்ததா என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் கூறுவதில்லை. பதியும்போது அந்தப் பழைய பட்டியல் அழிந்து, லினக்ஸுக்குச் செல்லும் வழியும் அடைபட்டுப் போகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே கடை, அதே தொகை. பிறருடைய உழைப்பை அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்துவது கூடுமா என்ற கேள்வியை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். ஆனால் அனுமதியோடு இலவசமாகக் கிடைக்கும் ஒன்று அதே பெட்டிக்குள் இருக்கையில் நாம் ஏன் அந்தக் கேள்விக்கு ஆளாக வேண்டும்?

மற்றொரு செய்தியும் உண்டு. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நிறுத்திற்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் பழைய கணினிகளில் இல்லாத பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆகவே நம் பிள்ளைகளின் பழைய கணினிகளுக்கு அந்தப் பக்கம் முறையான வழி இல்லை. வங்கிக் கணக்கும் ஆதாரும் புழங்கும் காலத்தில், திருத்தம் வராத கணினியில் இணையம் பார்ப்பது பூட்டில்லாத வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும்.

இவற்றை எண்ணியே, சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், வீட்டில் கிடக்கும் மடிக்கணினிகளைக் கொண்டு வாருங்கள் என்று அறிவிப்புச் செய்தோம். 11 கணினிகள் வந்தன. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் சாலையோர வீட்டிலிருந்து வந்த ஒன்றைத் திறந்தபோது, காற்றாடி முழுவதும் வெண்புழுதி அடைத்திருந்தது. அதைத் தூரிகையால் துடைத்ததுமே பாதி நோய் தீர்ந்தது. இரண்டு கணினிகளில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. வெகுநேரம் தேடிய பிறகே, உள்ளிருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, கணினி இன்றும் 2011ஆம் ஆண்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தது. தேதி தவறினால் பாதுகாப்பான தளங்கள் திறவா. ஐம்பது ரூபாய்க்கும் குறைவான பேட்டரி ஒன்றை மாற்றியதும் சரியாயிற்று. வயர்லெஸ் பிடிக்காத கணினிக்கு, செல்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் கொடுத்து, தேவையான கோப்பை இறக்கிக்கொண்டோம். மூன்று கணினிகள் எம்முயற்சிக்கும் உயிர்பெறவில்லை. அவற்றின் நினைவகச் சில்லுகளைக் கழற்றி மற்றவற்றில் சேர்த்து 4 ஜிபி ஆக்கினோம். அவற்றில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும், 2 ஜிபியே உள்ளவற்றில் டெபியனின் எளிய பதிப்பையும் பதிந்தோம்.

ஒரு பிழையையும் மறைக்காமல் கூற வேண்டும். முதன்முதலில் கைவைத்த கணினியில், ஆர்வ மிகுதியால், 'வட்டு முழுவதையும் அழித்துப் பதிக' என்பதைத் தேர்ந்துவிட்டோம். மறுநாள் அந்த வீட்டுத் தாயார் வந்து, "தம்பி, அதுல பிள்ளையோட அத்தா போட்டோ எல்லாம் இருந்துச்சே, எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டார். அவர் கணவர் சவூதியில் பணியிலிருந்தபோது மரணமடைந்தவர். அங்கிருந்து அனுப்பிய படங்கள் வேறெங்கும் இல்லை. எங்களுக்குப் பேச்சு எழவில்லை. போட்டோரெக் என்னும் கட்டற்ற மென்பொருள் ஒன்று, அழிந்த வட்டில் மிஞ்சியிருக்கும் படங்களைத் தேடி எடுக்கும் என்பதைப் படித்தறிந்து, இரண்டு இரவுகள் அதை ஓடவிட்டோம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், பெயரும் தேதியும் இன்றி, திரும்பக் கிடைத்தன. எல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றைப் பார்த்து அந்தத் தாயார் எங்களுக்கு துஆச் செய்துவிட்டுப் போனார். எங்கள் மனம் மட்டும் இன்றும் ஆறவில்லை. அன்றிலிருந்து எந்தக் கணினி வந்தாலும், முதலில் உள்ளிருப்பதை வெளி வட்டில் படியெடுத்து, வீட்டாரை அழைத்துத் திறந்து காட்டி, நோட்டில் கையொப்பம் பெற்ற பின்னரே அடுத்த வேலை. கடைக்குக் கொடுப்பவர்களும் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

தமிழைப் பற்றி ஒரு சொல். நம் ஜமாஅத்தின் பழைய சந்தாப் பட்டியலையும் நிக்காஹ் பதிவேட்டு அட்டவணையையும் இக்கணினியில் திறந்தபோது எழுத்துகள் ஆங்கிலக் கூளமாகத் தெரிந்தன. "லினக்ஸில் தமிழ் வராது" என்று சிலர் உடனே முடிவு கட்டினர். அது உண்மையன்று. அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தப் பட்டியல்களை ஒருமுறை மாற்றி அமைத்துவிட்டோம். இனி செல்பேசியிலும் படிக்கலாம். 1999இல் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை, அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் முறை இரண்டுமே லினக்ஸில் உண்டு.

குறைகளும் உள. டேலியில் கணக்கு எழுதும் வணிகர்களுக்கும், போட்டோஷாப்பில் வேலை செய்யும் அச்சகத்தாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். டிஜிட்டல் கையொப்பச் சாதனம் பொருத்தி வேலை செய்ய வேண்டியவர்களும் முதலில் சோதித்துப் பார்க்கட்டும். சில அச்சுப்பொறிகள் பிடிவாதம் செய்யும். ஆனால் மாணவர்களுக்கு வேண்டியவை என்ன? கட்டுரை எழுதுதல், கணக்கு அட்டவணை, உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிக் கலந்தாய்வுப் பதிவு, அரசுத் தேர்வாணைய விண்ணப்பம், காணொளிப் பாடம். இவற்றில் எதற்கும் குறைவில்லை.

பள்ளிப் பாடத்திட்டமும் இதற்கு மாறானதன்று. பழைய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் படித்தவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். 2018இல் மாற்றியமைக்கப்பெற்ற பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் உள்ளது. லினக்ஸில் பைத்தான் பெரும்பாலும் முன்பே பதிந்திருக்கும். நம் தெரு மாணவி ஒருத்தி, பாடநூலில் உபுண்டுவைப் படித்து மதிப்பெண்ணும் பெற்று, அதே குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளம் தன் அண்ணனின் கணினியில் உறங்குவதை அறியாமலே இருந்தாள்! அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வி முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுகிறது. விழுப்புரத்தில் இளைஞர்கள் சங்கமாகக் கூடிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் இவற்றைத் தமிழிலேயே எழுதி வருகிறது. லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அரியலூரிலும் வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டும் நம்மவர்க்கு இது இயலாத காரியமா?

உயிர்பெற்ற எட்டுக் கணினிகளில் ஐந்தை உரியவர்கள் பெற்றுச் சென்றனர். மூன்றை ஜமாஅத்துக்கே கொடுத்துவிட்டனர். அவை மத்ரஸா மாடியறையில் உள்ளன. அவற்றில் கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துள்ளோம். இணையம் இல்லாதபோதும் பிள்ளைகள் தேடிப் படிக்கலாம். சிறுவர்களுக்கு டக்ஸ் பெயிண்ட் உண்டு. அதற்குத்தான் வரிசை நீளமாக நிற்கிறது. வரைவது பெரும்பாலும் ரயிலும் கிரிக்கெட்டும்!

2025-26 வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. புதியது கிடைக்கும் பிள்ளைகள் அண்ணன், அக்காளின் பழையதைக் காயலான் கடைக்கு எடை போட்டுவிட வேண்டாம். சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மாடியறை திறந்திருக்கும். பெண்களுக்கு ஞாயிறு காலை பத்து மணி. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவியர் இருவரே கற்றுத் தருகிறார்கள். அழிக்காமல் சோதித்துப் பார்க்க எண்ணுவோர் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டு வந்தால், அதிலிருந்தே லினக்ஸை இயக்கிக் காட்டுவோம். கணினியில் உள்ளது உள்ளபடியே இருக்கும். பழுது பார்க்கக் கட்டணம் இல்லை. மாற்றும் பாகத்தின் விலை மட்டும் உரியவருடையது. சென்ற முறை பலர் சார்ஜரை மறந்து வந்து திரும்பிச் செல்ல நேர்ந்தது. ஆகவே மடிக்கணினியோடு அதன் சார்ஜரையும் எடுத்து வருமாறு அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.