வீடு முதலில் வரட்டும்

வீடில்லாமல் வெளியில் உறங்குவோரை நாடு முழுவதும் எண்ணும் முயற்சி சிங்கப்பூரில் முதன்முதலாக 2019-ல் நடந்தது. லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் இங் கொக் ஹோ தலைமையில், தொண்டூழியர்கள் நள்ளிரவில் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களிலும் பூங்காக்களிலும் நடந்து எண்ணினார்கள். கிடைத்த கணக்கு 921-லிருந்து 1,050 பேர் வரை. 2021-ல் மறுபடி எண்ணியபோது தெருவில் இருந்தவர்கள் 616 பேர்தான். நிலைமை சீராகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தற்காலிகத் தங்குமிடங்களில் அப்போது 420 பேர் இருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் 1,036. ஆட்கள் பெரிதாகக் குறையவில்லை, பலர் தெருவிலிருந்து கூரைக்குக் கீழ் நகர்ந்திருந்தார்கள். வீடின்மையைத் தெருவில் மட்டும் தேடினால் பாதி உண்மைதான் கிடைக்கும். கிடைக்காமல் போகும் அந்தப் பாதியில்தான் பெண்கள் இருக்கிறார்கள் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

தெருவில் எண்ணப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். அதனால் பெண்களுக்கு இந்தத் துன்பம் குறைவு என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் கீழ்த்தளத்துப் பெஞ்சில் படுத்தால் தனக்கு என்ன நேரும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரியும். ஆகவே அவள் வேறிடம் தேடுகிறாள். அக்காள் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய், தோழி வீட்டில் இரண்டு வாரம், இரவு முழுதும் திறந்திருக்கும் உணவகத்தில் ஒரு நாற்காலி. சில வேளை, விட்டு வந்த அதே கணவனின் வீடு. அந்தக் கூடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். வீட்டார் எழுமுன் பாய் சுருட்டப்பட்டுச் சுவரோரம் சாய்ந்துவிடும். பிள்ளையின் பள்ளிச் சீருடை துணிப்பையிலேயே மடிந்து கிடக்கும். ஒரு டம்ளர் பால் காய்ச்சவும் கேட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். எந்த இரவுக் கணக்கெடுப்பிலும் இந்தப் பெண் வரமாட்டாள். அவளுக்கும் வீடு கிடையாது.

அவள் ஏன் அங்கேயே தேங்கி நிற்கிறாள்? குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்ணுக்கு இந்நாட்டில் கதவுகள் உண்டு. சிங்கப்பூர் மாதர் சங்கங்களின் மன்றம் 1999-ல் ஸ்டார் ஷெல்ட்டர் என்னும் காப்பகத்தைத் தொடங்கியது. காசா ரவுதா மகளிர் இல்லம் 2008 முதல் இயங்குகிறது. இவை உயிரைக் காக்கும் இடங்கள். ஆனால் காலவரை உள்ள இடங்கள். அந்தக் காலம் முடியும்போதுதான் அடுத்த சுவர் எழுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீட்டுக்குத் தனியாள் விண்ணப்பிக்கப் பொதுவாக 35 வயதாகியிருக்க வேண்டும். மணமாகாத இளந்தாயும் அவள் குழந்தையும் விதிப்படி ஒரு குடும்பமாகவே கொள்ளப்படுவதில்லை. அவள் விண்ணப்பம் தனி நேர்வாகவே பரிசீலிக்கப்படும். சொந்த வீட்டை விற்றவர்கள் வாடகை வீட்டுக்குப் பொதுவாக 30 மாதம் காத்திருக்க வேண்டும். மணமுறிவு வழக்கு முடியும்வரை பெயர் பழைய வீட்டில் இருக்கும், உடல் வேறெங்கோ இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்த பெண் இன்னும் குடியுரிமை பெறவில்லையென்றால், பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாகவே இருந்தாலும், தன் பெயரில் அவள் விண்ணப்பிக்க முடியாது. விதிவிலக்குகள் தரப்படுகின்றன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதிவிலக்கு என்பது கேட்கத் தெரிந்தவருக்கும், பரிந்து பேச ஆள் உள்ளவருக்கும் கிடைப்பது. உரிமையாக இருந்தால்தான் வாயற்றவருக்கும் போய்ச் சேரும்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: வேலை, சேமிப்பு, மனநலம் எல்லாம் ஒழுங்கான பிறகு தரும் பரிசாக வீட்டை வைக்காதீர்கள். அவையெல்லாம் ஒழுங்காவதற்கே வீடு முதலில் வேண்டும். 1992-ல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முறை இது. பின்லாந்து 2008-ல் இதையே தேசியக் கொள்கையாக்கியது. ஹெல்சிங்கியில் 250 படுக்கைகள் கொண்ட ஒரு விடுதியை 81 தனி வீடுகளாக மாற்றினார்கள். கனடாவில் ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது, சோதனையின் கடைசி ஆறு மாதங்களில் முழுக்க நிலையான வீட்டில் இருந்தவர்கள், வீடும் ஆதரவும் முதலில் பெற்றோரில் 62 விழுக்காடு. வழக்கமான உதவி பெற்றோரில் 31 விழுக்காடு. அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1961 மே 25-ல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அன்றைய அரசு அவர்களிடம், முதலில் நல்ல வேலை தேடிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. எரிந்த மண்ணிலேயே அடுக்குமாடி எழுப்பிக் குடியேற்றியது. வீட்டை முதலில் தந்து வாழ்க்கையைப் பின்னால் நிமிரவிட்ட நாடு இது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை நியாயமான மறுப்புகளும்கூட. எளிதாக வீடு தந்தால் சார்ந்தே வாழப் பழகிவிடுவார்கள் என்பது ஒன்று. ஆனால் வாடகை வீடு இலவசமல்ல. மிகக் குறைந்த வருமானத்தாருக்கு ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது; அதைக் குடியிருப்பவளே தன் சம்பளத்தில் கட்டுகிறாள். 2019 ஆய்வில் பேட்டி காணப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை பார்ப்பவர்கள். துப்புரவு வேலைக்கு விடியுமுன் கிளம்பும் பெண்ணைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? வரிசையில் நிற்கும் மற்றக் குடும்பங்களுக்கு அநீதி என்பது இரண்டாவது. போக இடமில்லாமல் ஒரு பெண் காப்பகப் படுக்கையிலேயே தங்கிவிட்டால், இன்றிரவு அடிபட்டு ஓடிவரும் இன்னொருத்திக்குக் கதவு திறக்காது என்பதையும் அந்த நியாயத்தில் சேர்த்து எண்ணுங்கள். இடம் பற்றாது என்பது மூன்றாவது. வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் துணையாளைத் தனியாள் தானே தேட வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை வீவக 2021 இறுதியில் சோதனையாகத் தொடங்கியது. தனியறையும் பொதுச் சமையலறையும் கொண்ட இல்லங்களையும் முயன்றது. வழி இருக்கிறது. இவற்றில் பெண்களுக்கும் பிள்ளையோடு வரும் தாய்க்கும் தனிப் பங்கு ஒதுக்குவதே அடுத்த படி.

இறுதியாக, குடும்பம்தானே தாங்க வேண்டும் என்ற குரல். இது நம்மவர் குரல், அதனால் நமக்குள் பேசிக்கொள்வோம். தாங்கும் குடும்பங்களை வணங்குகிறேன். ஆனால் பல பெண்கள் வெளியேறியதே குடும்பத்திலிருந்துதான். ஈரறை வீட்டில் ஆறு பேர் வாழும் அக்காளிடம் எவ்வளவு நாள் கேட்க முடியும்? போய் அனுசரித்துக்கொள் என்று நாம் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் அவளுடைய பாதுகாப்பை விலையாகக் கொடுத்து நம் மானத்தைக் காக்கிறோம்.

ஆகையால் இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள். தெருவில் மட்டுமன்றி, உறவினர் வீடுகளிலும் காப்பகங்களிலும் ஒண்டியிருக்கும் பெண்களையும் எண்ணும் கணக்கெடுப்பை நாம் கோர வேண்டும். குடிமகனான பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு, அவள் மணமானவளா, எந்நாட்டவள் என்று பாராமல், பிள்ளையின் பெயரால் வாடகை வீட்டு உரிமை வேண்டும். அவள் குடியேறும் நாளில் நம் கோயில்களும் சங்கங்களும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் குடும்பச் சேவை நிலையங்களும் கைகோத்து, முதல் ஓராண்டு வேலைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் துணை நிற்க வேண்டும். முதல் இரண்டும் அரசின் கையில் உள்ளவை. மூன்றாவது நம் கையில் உள்ளது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த ஆண்டே தொடங்குவோம்.