வலிக்குளிசையும் வில்கமுவ விவசாயியும்



மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, வஸ்கமுவ தேசிய பூங்காவை அண்டிக் கிடக்கிறது வில்கமுவ. நெல் விளையும் பூமி. காரணம் இன்னதென்று உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அங்கே குடும்பம் குடும்பமாக ஆட்களை வாட்டுகிறது. நமது வவுனியா மக்களுக்கும் இது புதிய நோயல்ல.

நாளெல்லாம் குனிந்து களை பிடுங்கியவருக்கு இரவில் இடுப்பு விட்டுப்போகும். பாமசிக்குப் போய், "வலிக்குக் குளிசை தாங்க" என்பார். டைக்ளோபெனாக் கிடைக்கும். வைத்தியரின் துண்டு எங்கே என்று கேட்பவர்கள் எல்லாக் கடையிலும் இல்லை. அந்தக் குளிசை வலியைத் தணிக்கும், உண்மைதான். ஆனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களை விரித்து வைத்திருக்கும் பொருள் உடம்பில் சுரப்பதையும் அது தடுத்துவிடும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் வற்றிய உடம்பில் அந்தக் குழாய்கள் சுருங்கினால், ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் என்ன ஆகும்?

இந்த எச்சரிக்கை வைத்தியர்களின் மருந்துக் கையேடுகளில் இருக்கிறது. இலங்கையில் அத்தகைய கையேட்டுக்கு வழி அமைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. எந்த மருந்து தேவை, எது வீண் என்று மருந்துக் கம்பனிகளின் விற்பனையாளர் சொல்லக் கூடாது, அறிவியல்தான் சொல்லவேண்டும் என்று அவர் நின்றார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது அந்தப் பிடிவாதத்தால்தான். 1977இல் அவர் மறைந்தார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை அமைத்தபோது, பலரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

இந்த நாட்டில் புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்க அந்த அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய சோதனைப் பதிவேடும் இருக்கிறது. எந்தச் சோதனை எங்கே நடக்கிறது என்று அதில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

எனக்குள்ள கவலை வேறு. உலகெங்கும் மருந்துச் சோதனைகளில் சிறுநீரகம் பழுதானவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவர்களைச் சேர்த்தால் முடிவு குழம்பும், ஆபத்தும் கூடும் என்பது ஆய்வாளர் தரப்பு. நியாயமான பயம்தான். ஆனாலும் அந்த மருந்தை நாளை விழுங்கப்போகிறவர்களில் வில்கமுவ விவசாயியும் ஒருவர். அவருக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று கையேட்டைப் புரட்டும் வைத்தியருக்கு அங்கே போதிய சான்று கிடைப்பதில்லை.

வில்கமுவ மக்கள் ஆய்வுகளுக்கு ஒத்துழைக்காதவர்களும் அல்லர். நோய் எப்படி முற்றுகிறது என்று அறிய வந்தவர்களுக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள் இரத்தமும் சிறுநீரும் கொடுத்திருக்கிறார்கள். எனவே ஒரு மருந்துக்கு அனுமதி கேட்டு வரும் கம்பனியிடம், "சிறுநீரக நோயாளியிடம் இது எப்படி வேலை செய்கிறது?" என்று அதிகாரசபை கேட்கவேண்டும். கிடைக்கும் பதிலைச் சிங்களத்திலும் தமிழிலும் பாமசி மேசைவரை கொண்டுசேர்க்கவும் வேண்டும்.

அதுவரை, கிளினிக் போகும் நேயர்களே, வலிக்குளிசை வாங்கும்போது கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். "எனக்குச் சிறுநீரக வருத்தம் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு வலியைச் சொல்லலாம்.