இரவல் குரல்

பிறர் சொல்லைத் தம் வாயால் சொல்லிப் பிழைப்பது மொழிபெயர்ப்பாளரின் தொழில். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் பல்லாண்டுகளாக இத்தொழிலைச் செய்து வரும் நமக்கு, அண்மையில் கேட்ட ஓர் உரையாடல் பெரிதும் சிந்தனையைத் தூண்டிற்று. வானொலி நேரத்துக்குக் காத்திராமல், வேண்டியபோது கைப்பேசியில் கேட்கத்தக்க வலையொலிகள் இக்காலத்தில் பெருகியிருப்பதை நேயர்கள் அறிவர். வட அயர்லாந்தின் அரசியலைப் பற்றிய அத்தகைய வலையொலி ஒன்றில் இருவர் வாதாடிக்கொண்டிருந்தனர். எதிரெதிர்த் தரப்புக் குடும்பங்களிற் பிறந்தவர்கள் அவர்கள். ஒருவர் மற்றவரை இடைமறித்தார், கடிந்துகொண்டார், நடுவே இருவரும் சிரித்தும் விட்டனர். இதில் என்ன புதுமை என்று நேயர்கள் வினவலாம். அந்த நாட்டில் ஒரு தரப்பாரின் குரலையே ஒலிபரப்பக் கூடாதென்று அரசாங்கம் தடுத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறோம்.

அயர்லாந்துத் தீவு 1921-ஆம் ஆண்டில் இரு கூறாயிற்று. வடகிழக்கிலுள்ள 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. ஏனைய 26 மாவட்டங்கள் தனி நாடாயின. வடக்கே அப்போது பெரும்பான்மையினராயிருந்த புராட்டஸ்டண்டுகள் பிரிட்டனோடு ஒன்றியிருக்கவே விரும்பினர். சிறுபான்மையினரான கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினர். முன்னவரை ஒன்றியவாதிகள் என்றும், பின்னவரைத் தேசியவாதிகள் என்றும் குறிப்பிடுவோம். சமயப் பெயர்களால் வழங்கினும், இப்பூசல் இறையியலைப் பற்றியதன்று. தாம் எந்த நாட்டவர் என்பதும், வீடும் வேலையும் வாக்கும் எவருக்கு எவ்வளவு என்பதுமே வழக்கு. 1968-இல் குடிமை உரிமைகள் கேட்டு நடந்த ஊர்வலங்கள் தடியடியில் முடிந்தன. 1969-இல் பிரிட்டிஷ் படை தெருவில் இறங்கிற்று. அதன்பின் 30 ஆண்டுகள் குண்டும் துப்பாக்கியும் பேசின. ஏறத்தாழ 15 லட்சம் மக்களே வாழ்ந்த அச்சிறு நிலப்பரப்பின் பூசலில் மாண்டவர்கள் 3,500-க்கும் மேற்பட்டோர்.

இத்தகைய சமுதாயத்தில் சொல் ஒவ்வொன்றும் அடையாளச் சீட்டாகி விடுகிறது. அங்கே ஒரு நகரம் உண்டு. ஐரிஷ் மொழியில் கருவாலித் தோப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த டெரி என்பது அதன் பழம்பெயர். 1613-இல் அரச சாசனம் ஒன்று லண்டன் என்னும் அடைமொழியை முன்னே சேர்த்து, லண்டன்டெரி ஆக்கிற்று. தேசியவாதி டெரி என்பார். ஒன்றியவாதி லண்டன்டெரி என்பார். ஊர்ப்பெயரை உச்சரித்த மாத்திரத்தில் பேசுபவரின் தெருவும் பள்ளியும் கோயிலும் தெரிந்து விடும். எவர் மனமும் நோகாதிருக்க இரு பெயரையும் எழுதி, நடுவே சாய்கோடு இடுவாரும் உளர். ஜெரி ஆண்டர்சன் என்னும் வானொலி அறிவிப்பாளர், அந்தச் சாய்கோட்டையே பெயராக்கிச் ‘சாய்கோட்டு நகரம்’ என்று வேடிக்கையாக வழங்க, அது மக்கள் நாவிலும் நிலைத்தது. மொழிபெயர்ப்பாளர் எவரும் அந்தச் சாய்கோட்டின் அருமையை உணர்வர். இரு சொல்லுள் ஒன்றைத் தேர்ந்தாலே கட்சி சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இடங்கள் நம் மேசையிலும் வருவதுண்டு.

இனி, குரலுக்கு விதித்த தடைக்கு வருவோம். 1988 ஆகஸ்டில் ஐரிஷ் குடியரசுப் படை என்னும் ஆயுத இயக்கத்தார் வைத்த குண்டால், பேருந்தில் சென்ற 8 பிரிட்டிஷ் படைவீரர்கள் மாண்டனர். பயங்கரவாதிகளுக்கு விளம்பரமே பிராணவாயு என்ற கருத்தைப் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1985-லேயே வெளியிட்டிருந்தார். 1988 அக்டோபர் 19 அன்று உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் தடையை அறிவித்தார். இரு தரப்பையும் சேர்ந்த ஆயுத இயக்கங்களும், குடியரசுப் படையின் அரசியல் துணையாகிய ஷின் ஃபேன் கட்சியும் அதற்கு உட்பட்டன. அவற்றின் சார்பில் பேசுவோரின் குரலை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஒலிபரப்பலாகாது என்பது கட்டளை.

கட்டளையின் வாசகத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. பேசுபவரின் உருவத்தைக் காட்டலாம். அவர் சொன்ன சொற்களையும் சொல்லலாம். குரல் மட்டும் கூடாது. ஆகவே ஒலிபரப்பு நிலையங்கள் நடிகர்களை அமர்த்தின. ஷின் ஃபேன் தலைவர் ஜெரி ஆடம்ஸ் திரையில் வாயசைப்பார். அவருடைய சொற்களை நடிகர் ஒருவர் பேசுவார். ஸ்டீபன் ரே போன்ற பெயர்பெற்ற நடிகரும் இவ்வாறு குரல் கொடுத்தனர். தேர்தல் பிரசாரக் காலத்தில் மட்டும் விலக்கு உண்டு. அப்போது ஆடம்ஸின் சொந்தக் குரலைக் கேட்கலாம். தேர்தல் முடிந்தால் மீண்டும் இரவல் குரல்தான்.

இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால், குண்டுக்குக் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, அச்செயலுக்கு நியாயம் கற்பிப்பவரின் குரல் தன் கூடத்திலேயே ஒலிக்கக் கேட்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தடைக்குப் பின்னால் உண்மையான துயரமும் இருந்தது. எனினும் அத்தடையால் துப்பாக்கி ஓய்ந்ததாகச் சொல்ல முடியவில்லை. சொற்கள் யாவும் வெளிவந்த வண்ணமே இருந்தன. பேசுபவரின் தயக்கமும், தடுமாற்றமும், சினத்தின் அடியில் சில சமயம் எழும் அச்சமும் மாத்திரமே நேயரை எட்டவில்லை. எதிரியும் மனிதன் என்பதைக் காட்டிக் கொடுப்பவை இவைதாமே!

அதே 1988-ஆம் ஆண்டில் வேறொருவர் நேர்மாறான வழியிற் சென்றார். வன்முறையை என்றும் ஏற்காத தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூம், ஆடம்ஸோடு நேரில் பேசத் தொடங்கினார். கொலைக்குத் துணைபோகிறவரோடு என்ன பேச்சு என்று அவரைத் தூற்றியவர் பலர். ஹியூம் கேட்டாரேயன்றி உடன்பட்டாரில்லை. கேட்பது வேறு, உடன்படுவது வேறு என்னும் அந்த வேற்றுமையே பின்னர் வந்த அமைதிக்கு வித்தாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. 1994 ஆகஸ்ட் 31 அன்று குடியரசுப் படை போர் நிறுத்தம் அறிவித்தது. செப்டம்பரில் குரல் தடையும் நீங்கிற்று. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று உடன்பாடு கைகூடிற்று. மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதத்தினர் அதை ஏற்றனர். அவ்வாண்டின் நோபல் அமைதிப் பரிசை ஹியூமும் ஒன்றியவாதத் தலைவர் டேவிட் ட்ரிம்பிளும் பகிர்ந்துகொண்டனர்.

உடன்பாட்டின்படி, சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மை ஒன்றியவாதி, தேசியவாதி, ஏனையோர் என்னும் மூன்றில் ஒன்றாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். 2007-இல் ஒன்றியவாதத்தின் உறுதிமிக்க தலைவர் இயன் பெய்ஸ்லியும், முன்னாளில் குடியரசுப் படையின் தளபதியாயிருந்த மார்ட்டின் மக்கின்னஸும் இவ்விரு பதவிகளையும் ஏற்று, ஒன்றாக நகைத்துப் பேசியதை உலகம் வியந்து பார்த்தது. 2024 பிப்ரவரியில் மிஷேல் ஓ’நீல் முதலமைச்சராகிய முதல் தேசியவாதி ஆனார்.

ஆயினும் இம்முறை குறையற்றதன்று. ஒரு தரப்பு விலகியதால் ஆட்சியே முடங்கி, 2017 முதல் 2020 வரையிலும், மீண்டும் 2022 முதல் 2024 வரையிலும் அமைச்சரவை இயங்கவில்லை. முக்கியமான வாக்கெடுப்புகளில் இரு பெருந்தரப்பின் ஆதரவும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘ஏனையோர்’ வாக்குக்கு அந்த மதிப்பு இல்லை. பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இன்னும் தம் தரப்புப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். பெல்ஃபாஸ்ட் நகரத் தெருக்களைப் பிரிக்கும் மதிற்சுவர்கள் பல உடன்பாட்டுக்குப் பின்னும் நின்றன. உடன்பாடு துப்பாக்கியைத் தாழ்த்தியது. செவியைத் திறக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

ஆகவேதான் அவ்விருவரின் வாதம் நம்மைக் கவர்ந்தது. இரவல் குரல் இல்லை. இடையில் நடிகர் இல்லை. ஆனால் வலையொலியில் ஓர் இடரும் உண்டு. எதைக் கேட்பதென்று தேர்பவர் கேட்பவரே. தம் தரப்புக் குரலை மட்டும் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கவும் அதே கைப்பேசி இடங்கொடுக்கிறது. அன்று அரசாங்கம் விதித்த தடையை இன்று அவரவரே தம் செவிக்கு விதித்துக்கொள்ளலாம். அதை நீக்க எந்த அமைச்சராலும் ஆகாது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டெனக் கருதுகிறோம். டில்லிக் குடியிருப்பில் அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவரைப் பற்றி, அவர் செருக்குள்ளவர், வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பாரார் என்று நம் தமிழ் நண்பர்கள் சொல்லக் கேட்டு, நாமும் நான்காண்டுகள் ஒதுங்கியே இருந்தோம். ஒருநாள் இரவு மின்சாரம் நின்றது. மாடிப்படியில் அருகருகே அமர நேர்ந்தபோது, அவராகவே பேசத் தொடங்கினார். 1947-இல் பெற்றோரின் கைப்பிடித்து லாகூரை விட்டு வந்ததைச் சொன்னார். இடையே, தம் இடது செவி சிறு வயதிலிருந்தே கேளாது என்றும் சொன்னார். படியேறும்போது நாம் எப்போதும் அவருக்கு இடப்புறமாகவே கடந்து சென்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் முதல் வலப்புறம் சென்று வணக்கம் சொல்லி வருகிறோம்.