எரிமலை விழுங்கிய தீவில் ஒரு பொதுத் தேர்தல்

பொதுத் தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன பெருங் கூட்டங்களும், ஊர்வலங்களும், இலட்சக்கணக்கான வாக்குகளுமே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றோர் தொகை நான்காயிரத்துக்கும் குறைவு. நம் நாட்டில் ஒரு பெரிய கிராமத்தில் வாழ்வோர் தொகைக்கு அது சமமாகலாம். ஆயினும் அந்தச் சிறு தொகையினர் தமக்கென ஒரு சட்டசபையைத் தெரிவுசெய்கின்றனர்; மந்திரிசபையை அமைக்கின்றனர்; வேண்டாதபோது அதனை மாற்றவும் செய்கின்றனர். அவர்கள் வாழும் இடம் கரிபியன் கடலிலுள்ள மொன்செராற் என்னும் தீவு.

அன்ரிக்குவாத் தீவுக்குத் தென்மேற்கே, 102 சதுர கிலோமீற்றர் பரப்பில் அமைந்தது மொன்செராற். 1493ஆம் ஆண்டில் அதன் கரையோரமாகச் சென்ற கொலம்பஸ், ஸ்பெயின் தேசத்து மடாலயமொன்றின் பெயரை அதற்குச் சூட்டினான். 17ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் மக்கள் அங்கே குடியேறினர். பின்னர் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஆபிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். இன்று அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் அந்த அடிமைகளின் சந்ததியாரே. கரிபியன் தீவுகள் பல ஒன்றன்பின் ஒன்றாகச் சுதந்திரம் பெற்றபோதும், மொன்செராற் பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசமாகவே நின்றுவிட்டது.

சர்வசன வாக்குரிமை நம் இலங்கைக்கு 1931ஆம் ஆண்டிற் கிடைத்தது. மொன்செராற் மக்கள் அதற்காக மேலும் 20 ஆண்டுகள் காத்திருந்தனர். 1951ஆம் ஆண்டில் அவ்வுரிமை வழங்கப்பட்டது. அதுவரை தோட்ட முதலாளிகளின் சொல்லே சட்டமாயிருந்த தீவில், தொழிற் சங்கத் தலைவரான வில்லியம் ஹென்றி பிறாம்பிள் மக்களின் பிரதிநிதியாக உயர்ந்து, பின்னர் தீவின் முதலாவது முதன் மந்திரியுமானார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரைத் தோற்கடித்துப் பதவியேற்றவர் யார் தெரியுமா? அவருடைய சொந்த மகனான ஒஸ்ரின் பிறாம்பிளே. 1978ஆம் ஆண்டில் மகனும் தோற்றார்; ஜோன் ஒஸ்போர்ண் என்பவரின் கட்சி ஏழு ஆசனங்களையும் கைப்பற்றியது. சிறிய தீவில் அரசியல் என்பது உறவினருக்கும் அயலவருக்கும் இடையே நடைபெறும் ஒன்றென்பதை இச்சம்பவங்கள் காட்டுகின்றன.

அக்காலத்தில் தீவு ஏழு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தொகுதியும் ஒருவரைத் தெரிவுசெய்தது. இந்த ஒழுங்கு இன்று இல்லை. அதனை அழித்தது அரசியற் கட்சியுமன்று, பிரித்தானிய அரசாங்கமுமன்று, ஓர் எரிமலை.

தீவின் தென்பாகத்திலுள்ள சூபிரியேர் குன்றுகள், மக்கள் நினைவுக்கெட்டிய காலம் முழுவதும் உறங்கிக் கிடந்தன. 1995ஆம் ஆண்டு யூலை மாதம் 18ஆம் திகதி அவை விழித்தெழுந்தன. தலைநகரான பிளிமத்திலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர், திரும்பினர், மீண்டும் வெளியேற்றப்பட்டனர். 1996ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியேறியோர் பின்னர் ஒருபோதும் அந்நகருக்குக் குடிதிரும்பவில்லை. 1997ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் திகதி தீப்போன்ற சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் பாய்ந்து 19 பேரின் உயிரைக் குடித்தன. தடைசெய்யப்பட்ட பிரதேசத்துக்குள்ளே தம் பயிரையும் கால்நடைகளையும் பார்க்கச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். தீவின் விமான நிலையமும் பயனற்றுப் போயிற்று. அதே ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் பிளிமத் நகரம் சாம்பலுக்கும் சேற்றுக்கும் கீழே புதையுண்டது.

எரிமலை விழிப்பதற்கு முன்னர் 10,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்த தீவில், சில ஆண்டுகளுக்குள் மூன்றிலொரு பங்கினரே எஞ்சினர். ஏனையோர் அன்ரிக்குவாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். தீவின் தென்பாகம் முழுவதும் மனிதர் வாழக்கூடாத பிரதேசமாயிற்று. எஞ்சியோர் வடபாகத்தில் ஒதுங்கினர்.

இந்த நிலையிலும் 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே ஒரு பொதுத் தேர்தல் நடைபெற்றது என்பது வியப்புக்குரியது. வீடிழந்து பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் தங்கியிருந்தோரும் வாக்களித்தனர். எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பேர்ட்ரண்ட் ஒஸ்போர்ண் என்பவர் முதன் மந்திரியானார். மறு ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் மக்களின் ஆத்திரம் பொங்கியெழவே அவர் பதவி துறந்தார். டேவிட் பிராண்ட் அப்பதவியை ஏற்றார். அந்நாட்களில் தீவினர் கூடிய உதவி கோரியபோது, பிரித்தானிய மந்திரியான கிளேயர் ஷோர்ட் அம்மையார், இவர்கள் அடுத்தபடியாகப் பொன்னாலான யானைகளைக் கேட்பார்கள் என்ற கருத்துப்படப் பேசினார். யானையைக் கோயிலிலும் காட்டிலும் கண்டு பழகிய நமக்கு இப்பேச்சு விநோதமாகத் தோன்றலாம். வீட்டையும் வயலையும் இழந்து நின்ற மக்களுக்கோ அது ஆறாத புண்ணாயிற்று.

இனி, தேர்தல் முறைக்கு வருவோம். ஏழு தொகுதிகளிற் பல மனிதரற்ற சாம்பல் வெளிகளாயின. ஊரே இல்லாதபோது அவ்வூருக்குப் பிரதிநிதி யார்? இந்தக் கேள்விக்கு விடையாக, தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, அதிலிருந்து ஒன்பது உறுப்பினரைத் தெரிவுசெய்யும் முறை வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் இம்முறையே வழக்கிலிருந்து வருகின்றது. ஒவ்வொரு வாக்காளரும் ஒன்பது அபேட்சகர் வரை புள்ளடியிடலாம். மிகக் கூடிய வாக்குகள் பெற்ற ஒன்பது பேர் சட்டசபைக்குச் செல்வர்.

நம் நாட்டிலும் முற்காலத்தில் மத்திய கொழும்பு போன்ற பல அங்கத்தவர் தொகுதிகள் இருந்தமையை வயதிற் பெரியோர் அறிவர். அங்கே வாக்காளர் விரும்பினால் தமது மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம். அதனாற் சிறுபான்மையோர் தம்முள் ஒருவரைத் தெரிவுசெய்ய முடிந்தது. மொன்செராற்றில் அவ்வாறில்லை. ஓர் அபேட்சகருக்கு ஒரு வாக்குத்தான். எனவே ஒரு கட்சியின் ஆதரவாளர் ஒன்பது புள்ளடிகளையும் கட்சிப் பட்டியலின்படியே இட்டால், அக்கட்சி பெரும் வெற்றியடையும். ஆனால் மக்கள் எப்பொழுதும் அவ்வாறு செய்வதில்லை. இந்தக் கட்சியில் நால்வர், அந்தக் கட்சியில் மூவர், சுயேச்சையாக நிற்கும் நல்லாசிரியர் ஒருவர் என்று தெரிந்தெடுப்போரும் உளர். எல்லோரையும் எல்லோரும் அறிந்த தீவில், கட்சியின் கொள்கையோடு மனிதனின் குணமும் நிறுக்கப்படுகிறது.

இம்முறையில் ஒரு நன்மையுண்டு, ஒரு தீமையுமுண்டு. தெரிவுசெய்யப்பட்ட ஒவ்வொருவரும் தீவு முழுவதற்கும் பிரதிநிதியாவர் என்பது நன்மை. என் தெரு, உன் தெரு என்ற பேதம் குறைகின்றது. எல்லோருக்கும் பொறுப்பானவர் எவருக்கும் பொறுப்பற்றவராகி விடலாம் என்பது தீமை. என் வீட்டுக்குச் செல்லும் பாதை உடைந்தால் ஒன்பது பேரில் எவரிடம் முறையிடுவது என்று ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வியை நாம் புறக்கணிக்க முடியாது.

2006ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவு விசித்திரமானது. எக்கட்சிக்கும் ஐந்து ஆசனங்கள் கிடைக்கவில்லை. ஒரேயோர் ஆசனத்தைப் பெற்ற கட்சியின் தலைவரான வைத்தியர் லோவெல் லூயிஸ், பிறருடன் கூட்டுச் சேர்ந்து முதன் மந்திரியானார். 2009ஆம் ஆண்டில் ரூபன் மீட் வென்றார். 2014ஆம் ஆண்டில் டொனால்ட்சன் ரோமியோவின் கட்சி ஒன்பதில் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 2019ஆம் ஆண்டில் ஈஸ்ரன் ரெயிலர் பரல் ஐந்து ஆசனங்களுடன் ஆட்சியமைத்தார். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி நடந்த தேர்தலில் ரூபன் மீட், இம்முறை ஐக்கியக் கூட்டணி என்னும் புதிய கட்சியின் தலைவராக, ஐந்து ஆசனங்களைப் பெற்று மீண்டும் பதவியேற்றார். 2001ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்ற ஆறு தேர்தல்களிலும் ஆட்சித் தலைமை மாறியேயிருக்கின்றது. பதவியிலிருந்தவரை மக்கள் ஒருமுறையேனும் தொடர்ந்து வைத்திருக்கவில்லை.

இதற்குக் காரணம் யாது? மக்கள் நிலையற்ற மனம் படைத்தோர் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமாகாது.

அத்தீவின் அரசியல் அமைப்பைச் சற்று நோக்குவோம். 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியற் றிட்டத்தின்படி, முதன் மந்திரி இன்று பிரதமர் எனப்படுகிறார். அவரும் வேறு மூன்று மந்திரிகளும் மந்திரிசபையில் அமர்வர். சட்டத்துறைத் தலைவரும் நிதிச் செயலாளரும் உத்தியோக முறையில் உடனிருப்பர். மந்திரிசபைக்குத் தலைமை தாங்குபவர் பிரித்தானியாவால் நியமிக்கப்படும் தேசாதிபதியே. பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம், பொலிஸ், அரசாங்க சேவை ஆகியவை அவர் பொறுப்பில் உள்ளன. இவற்றைவிட முக்கியமானது பணம். தீவின் அரசாங்கச் செலவில் அரைப் பங்குக்கு மேற்பட்டது பிரித்தானியாவின் நன்கொடையாகவே வருகிறது.

ஆகவே அபேட்சகர் மேடையில் நின்று வாக்குறுதி அளிக்கிறார்: லிற்றில் பேயில் துறைமுகம் அமைப்போம், புதிய வைத்தியசாலை கட்டுவோம், தீவுக்கு வந்துபோக வசதியான கப்பலும் விமானமும் ஏற்படுத்துவோம் என்கிறார். வாக்களிப்போர் மொன்செராற்றில் இருக்கின்றனர். பணப்பெட்டியின் திறப்போ இலண்டனில் இருக்கிறது. திட்டம் தாமதமானால் இலண்டனிலுள்ள உத்தியோகத்தரை மொன்செராற் வாக்காளர் நீக்க முடியாது. நீக்கக்கூடியவர் தம் பிரதமர் ஒருவரே. ஆறு தேர்தல்களிலும் அவர்கள் அவரை நீக்கியதன் காரணத்தை நாம் இங்கேதான் தேடவேண்டும் என்பது என் கருத்து.

ஐந்து ஆசன வெற்றியின் நிலையையும் கவனியுங்கள். ஐவருள் நால்வர் மந்திரிகள், எஞ்சியவர் ஒருவர். அந்த ஒருவரோ, மந்திரிகளுள் ஒருவரோ மனம் மாறினால் அரசாங்கம் கவிழும். சில பத்து வாக்குகள் இடம் மாறினால் ஒன்பதாம் இடத்திலிருந்தவர் பத்தாம் இடத்துக்குச் சென்றிருப்பார், அரசாங்கமும் வேறாயிருக்கும். பெரிய நாட்டில் ஒரு வாக்கு கடலில் ஒரு துளி. அங்கேயோ ஒரு குடும்பம் வாக்களிக்கச் செல்லாது வீட்டிலிருப்பதே விளைவை மாற்றிவிடக்கூடும்.

சட்டசபையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். முன்னதாகவே அது கலைக்கப்படாவிடின், அடுத்த தேர்தல் இந்தப் பத்தாண்டின் முடிவை ஒட்டி வரவேண்டும். அத்தேர்தலிலும் மேடைகளில் எழக்கூடிய கேள்விகள் பெரும்பாலும் பழையனவே. துறைமுகமும் வைத்தியசாலையும் எந்நிலையில் உள்ளன? எரிமலை தந்த வெப்பத்தை மின்சாரமாக்கும் முயற்சி எவ்வளவு முன்னேறியது? பிளிமத்தை மூடிய சாம்பல் மணலை அள்ளிப் பிற தீவுகளுக்கு விற்று வருகின்றனர். அதனால் வரும் பயன் யாருக்கு?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வியும் உண்டு. தீவினர் யார்? 2002ஆம் ஆண்டு முதல் மொன்செராற் மக்களுக்கு முழுப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்துள்ளது. இளைஞர் கல்விக்கும் தொழிலுக்கும் இங்கிலாந்து செல்கின்றனர், பலர் திரும்புவதில்லை. மறுபுறம் கயானா, யமேக்கா, எயிற்றி முதலிய இடங்களிலிருந்து வேலைதேடி வந்தோர் அங்கே வீடு கட்டுகின்றனர், நோயாளரைப் பராமரிக்கின்றனர், பிள்ளைகளை வளர்க்கின்றனர். பிறந்து நீங்கினவர் ஒருபுறம், வந்து தங்கினவர் மறுபுறம். இவ்விரு சாராரையும் இணைத்துத்தான் அத்தீவின் எதிர்காலம் கட்டப்படவேண்டும். 5,000க்கும் குறைந்த தொகையினராய் இருந்துகொண்டு எவரையும் அந்நியரென ஒதுக்க அவர்களால் இயலாது.

நேயர்களே, இத்தனை சிறிய தீவுக்குச் சட்டசபை எதற்கு, தேர்தல் எதற்கு, தேசாதிபதி ஒருவர் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். செலவுக் கணக்கை மாத்திரம் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். ஆனால் 1997ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். தீவை முற்றாகக் கைவிட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்த காலம் அது. அப்பொழுது, நாங்கள் இங்கேயே இருப்போம் என்று தீவின் சார்பிற் சொல்ல மக்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் இருந்தார்கள். அவர்களுட் சிலர் திறமை குறைந்தவராயிருக்கலாம்; தம்முள் சச்சரவிட்டிருக்கலாம். எனினும் அக்குரல் மக்களின் குரலாக மதிக்கப்பட்டது, அவர்கள் வாக்குகளாற் பேச அதிகாரம் பெற்றவர்கள் என்பதனாலேயாகும்.

வீட்டை எரிமலை கொண்டுபோயிற்று, வயலைக் கொண்டுபோயிற்று, தலைநகரையும் கொண்டுபோயிற்று. வாக்குரிமையை மக்கள் தம்முடன் வடக்கே எடுத்துச் சென்றனர். அடுத்த தேர்தலில் அவர்கள் மீண்டும் வரிசையில் நின்று, ஒன்பது புள்ளடிகளை இடுவார்கள். ஏழாவது முறையாகவும் ஆட்சியை மாற்றுவார்களா, அல்லது முதன்முறையாக ஒரு தலைவருக்குத் தொடர்ந்து பணியாற்ற அவகாசம் அளிப்பார்களா என்பது அவர்கள் கையிலுள்ளது. அந்த முடிவு மந்திரிசபையை அமைப்பதுடன் நில்லாது, தொடங்கிய வேலைகள் முடிவுறுமா என்பதையும் நிர்ணயிக்கும். உலகச் செய்திகளுள் இரண்டு வரிகளாக அதன் முடிவு வெளியாகும்போது, அவ்விரு வரிகளுக்குப் பின்னாலுள்ள இந்த மக்களையும் நாம் சற்று நினைத்துக்கொள்வோமாக.