கலந்தால் குப்பை, பிரித்தால் செல்வம்

(அம்பாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் உங்களுள் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும் ஒன்றைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று கேட்கலாம். கொட்டிவிட்டால் அது தீர்ந்துவிடுவதில்லை. அதனால்தான் இந்த உரை தேவைப்படுகிறது.

நாம் கூடியிருக்கும் இந்த அம்பாங்கின் வரலாற்றையே முதலில் பார்ப்போம். அம்பாங் என்னும் சொல்லுக்கு அணை என்பது பொருள். 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே வந்த 87 சீனத் தொழிலாளர்கள் இவ்வட்டாரக் காட்டில் ஈயம் தேடினர். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்களுக்குப் பின் வந்தோர் தோண்டிய ஈய லம்பங்களே கோலாலம்பூர் நகரம் வளரக் காரணமாயின. ஈயத்தைக் கழுவி எடுத்தபின் எஞ்சிய கனமான கருமணலை அமாங் என்று அழைத்தனர். முன்னாளில் கழிவென ஒதுக்கப்பட்ட அந்த மணலிலிருந்தே பிற்காலத்தில் இல்மனைட், சிர்க்கோன் முதலிய கனிமங்கள் பிரித்தெடுக்கப்பட்டு விற்கப்பட்டன. லம்பம் தோண்டிய பள்ளங்களுள் ஒன்று இன்று அம்பாங் ஹிலிர் ஏரிப் பூங்காவாக விளங்குகிறது. ஒரு காலத்தில் கழிவென ஒதுக்கியதை மறு காலம் செல்வமாகக் கண்டது என்பதற்கு இவ்வூரே சான்றாகும்.

நம் தொழிலுக்கும் அம்பாங்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1925ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அம்பாங் சாலையில்தான் நெடுங்காலம் தலைமையகம் கொண்டிருந்தது. 1998ஆம் ஆண்டில் அது வேறு இரு அமைப்புகளுடன் இணைந்து மலேசிய ரப்பர் வாரியம் ஆயிற்று. அக்கழகத்தின் ஆராய்ச்சிகளுள் பல, வீணாகப் போவதை எவ்வாறு பயனாக்குவது என்னும் கேள்வியிலிருந்து பிறந்தவையே.

ஒட்டுப்பாலை எண்ணிப் பாருங்கள். வெட்டுக் கோட்டில் காய்ந்ததையும், மங்கில் உறைந்த கட்டிப்பாலையும், மரத்தடியில் சிந்தியதையும் நீங்கள் எறிந்துவிடுவதில்லை. தனித்தனியே சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்துக் காசாக்குகிறீர்கள். முன்பு இவை மட்டமான கிரேப் ரப்பராகக் குறைந்த விலைக்கே போயின. 1965ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் திட்டம் வந்தபின், கட்டிப்பாலும் கட்டி ரப்பராக மாறி உலகச் சந்தையில் மதிப்புப் பெற்றது. எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 20 என்று கேட்டிருப்பீர்கள். அந்த எண்கள் ரப்பரில் கலந்திருக்கக்கூடிய அழுக்கின் அளவைக் கொண்டு எழுந்தவை. அழுக்கு ஏற ஏறத் தரம் இறங்கும். பட்டைச் சிராயும் மணலும் சாக்கு நூலும் கலந்தால் விலை குறையும் என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ரப்பர் மரத்தின் கதையும் அத்தகையதே. 25 அல்லது 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தை வெட்டிச் சாய்த்தபின், அது அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாயிற்று. எஞ்சியதைத் தோட்டத்திலேயே எரித்தனர். வெட்டிய மரத்தில் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதால் தச்சர்கள் அதைத் தொடவில்லை. அறுத்த பலகைக்கு உடனே மருந்தேற்றி உலர்த்தும் முறை கைவந்தபின் நிலைமை மாறியது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது.

இவ்விரு எடுத்துக்காட்டுகளிலிருந்தும் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. எப்பொருளும் பிறக்கும்போதே குப்பையாகப் பிறப்பதில்லை. ஒன்றோடொன்று கலக்கும்போதே அது குப்பையாகிறது. பழைய நாளிதழ் விலைபோகும். மீன் கழுவிய நீர் அதில் பட்டால் விலைபோகாது. சோற்று மிச்சம் எருவாகும்; அதனுடன் பிளாஸ்டிக் பையும் பேட்டரியும் கலந்தால் மண்ணுக்கு நஞ்சாகும். ஆகவே பிரிக்கும் வேலை குப்பை மேட்டில் அன்று, நம் அடுப்பங்கரையிலேயே தொடங்க வேண்டும்.

அரசாங்கத்தின் கொள்கையும் இதுவே. திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைத் தனியே வைக்க வேண்டும். அவற்றை வாரம் ஒருமுறையும் மற்றக் குப்பையை வாரம் இருமுறையும் எடுப்பது என்பது ஏற்பாடு. 2016ஆம் ஆண்டு ஜூன் முதல் பிரிக்காதோருக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. முதல் முறை 50 வெள்ளி, அடுத்து 100, மூன்றாம் முறை 500, அதற்கு மேல் நீதிமன்றம்.

ஆயினும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை. கோலாலம்பூர் ஏற்றது, சிலாங்கூர் அன்று சேரவில்லை. அம்பாங்கின் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. மறுபகுதி சிலாங்கூரில், 1992ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. ஆதலால் ஒரே ஊரில், ஒரு புறத்து வீட்டுக்குக் கட்டாயமானது மறுபுறத்து வீட்டுக்கு விருப்பமாக நின்றது. சிலாங்கூர் மாநிலம் தன் வழியில் வேறு முயற்சிகளை மேற்கொண்டது. 2010ஆம் ஆண்டில் சனிக்கிழமைகளில் பிளாஸ்டிக் பை இல்லை என்று அறிவித்து, 2017ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் ஒரு பைக்கு 20 காசு கட்டணம் விதித்தது. கூடையையும் துணிப்பையையும் எடுத்துச் சென்ற நம் பாட்டிமாருக்கு அந்த 20 காசு தேவைப்பட்டிராது.

பிரிக்காமல் விடுவதன் விளைவு எங்கே போய்ச் சேர்கிறது? கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் சேர்க்கப்பட்டு, உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகாருக்குப் பெரிய லோரிகளில் கொண்டு செல்லப்படுகிறது. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த நிலம் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்தது. அங்கே கழிவு நீர் மண்ணில் இறங்காதவாறு தடுப்பு உண்டு. எழும் வாயுவிலிருந்து மின்சாரமும் எடுக்கப்படுகிறது. ஆயினும் எந்நிலமும் ஒருநாள் நிரம்பும். நகரம் பிரிக்காத குப்பை இறுதியில் தோட்டப்புறத்தை நோக்கியே வருகிறது என்பதை நாம் மறத்தலாகாது. 2018ஆம் ஆண்டில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், வெளிநாட்டுக் கழிவு நம் நாட்டை நாடியது. கோலா லங்காட்டில் ஜென்ஜாரோம் வட்டாரத்தில் உரிமமின்றித் தோன்றிய ஆலைகள் அதை எரித்த புகையை மக்கள் இரவெல்லாம் சுவாசித்தனர். அவர்கள் புகார் செய்ததன் பின்னரே பல ஆலைகள் மூடப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஜனவரியில், 150 கொள்கலன் கழிவு 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது.

இனி, நம் தோட்டத்துக்கு வருவோம். தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழகத்தின் லோரி லயத்து வாசலுக்கு வருவது அரிது. எனவே பல இடங்களில் குப்பையைப் பள்ளத்தில் புதைப்பதும் எரிப்பதும் வழக்கமாயிற்று. இதில் மூன்று ஆபத்துகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, கொசு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த சிறு நீரிலேயே முட்டையிடும். எறிந்த பால் டின், பழைய டயர், சிரட்டை ஆகியவை அதற்குப் போதும். வெட்டு நிறுத்திய மரத்தில் நிமிர்ந்திருக்கும் மங்கும் போதும். ஏழு முதல் பத்து நாள்களில் முட்டை கொசுவாகிவிடும். காய்ந்த முட்டை பல மாதங்கள் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். நாட்டிலேயே டெங்கி மிகுதியாகக் காணப்படும் மாநிலம் சிலாங்கூர். அம்பாங்கில் அன்று 69 பேரைக் கொன்ற காய்ச்சலும் கொசுவால் வந்ததே என்பதை எண்ணிப் பாருங்கள். மங்கைக் கவிழ்த்து வையுங்கள்; வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, நெருப்பு. திறந்த வெளியில் குப்பை எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமாகும். பிளாஸ்டிக் எரிந்த புகை கண்ணுக்கு மறைந்தாலும் பிள்ளைகளின் நெஞ்சில் தங்கிவிடும்.

மூன்றாவது, நஞ்சு. இதைத் தாய்மார்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். மறுபடியும் பயன்படுத்துவது நல்லதென்றாலும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. களைக்கொல்லி வந்த கலனிலும் அமிலம் வந்த கலனிலும் குடிநீரோ எண்ணெயோ ஊற்றி வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சிய நஞ்சு முழுதும் போகாது. அத்தகைய கலனை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனில் துளையிட்டு நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? லயத்துக்கு மூன்று சாக்குகள் போதும். ஒன்றில் தாளும் அட்டையும், மற்றொன்றில் பிளாஸ்டிக், மூன்றாவதில் டின்னும் போத்தலும் சேரட்டும். அவை நனையாமல் இருத்தல் முக்கியம். பயன்படுத்திய சமையல் எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்தால், அதையும் வாங்குவோர் உண்டு. சோறு, காய்கறித் தோல், கூட்டிய இலை ஆகியவற்றைக் குழியில் அடுக்கடுக்காக இட்டு மண் தூவி, இடையிடையே கிளறிவந்தால், சில மாதங்களில் கீரைப் பாத்திக்கு எரு கிடைக்கும். வீட்டுக் குப்பையில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதி உணவுக் கழிவே என்பதால், இந்த ஒரு வேலையே சுமையைப் பெரிதும் குறைத்துவிடும்.

ஒருவர் தனித்துச் சேர்க்கும் இரண்டு கிலோ தாளுக்காகப் பழைய சாமான் லோரி தோட்டத்துக்குள் வராது. இருபது குடும்பங்கள் சேர்த்து வைத்தால் வரும். ஆகவே ஒரு பொது இடம், ஒரு குறித்த நாள், கணக்கு எழுத ஓர் இளைஞர் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கிடைக்கும் பணத்தைப் பிள்ளைகளின் பள்ளித் தேவைக்கோ கோயில் திருப்பணிக்கோ வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

இச்சுமையைத் தொழிலாளர் மட்டும் சுமக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைக் காப்பது நிர்வாகத்தின் கடமை; அதற்கென 1990ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. மூடியுள்ள தொட்டி, குறித்த நாளில் குப்பையை எடுத்தல், நஞ்சுக் கலன்களைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைத் தொழிற்சங்கக் கிளையின் வழியாக முறைப்படி கேளுங்கள். பிரித்து வைத்தபின் கேட்பவரின் சொல்லுக்கு வலிமை அதிகம்.

நாட்டின் மறுசுழற்சி அளவு 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 33 விழுக்காட்டை எட்டியது. 2025ஆம் ஆண்டுக்குள் 40 விழுக்காடு என்று இலக்கு வைக்கப்பட்டது. இந்த எண்களை உயர்த்துவோர் வீடுதோறும் இருக்கின்றனர். ஒட்டுப்பாலில் ஒரு துண்டையும் வீணாக்காத கைகளுக்கு இவ்வேலை புதிதன்று. காட்டில் காட்டும் அக்கறையை வீட்டிலும் காட்டுவோமாக. இன்று மாலை வீடு திரும்பியதும் முதல் சாக்கைக் கட்டி வையுங்கள். முற்றத்து டின்களில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.