நிலக்கரி எடுத்த பையனும் ஒரு நீதவானும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



அரைப்பேர் போட்டால் ஒன்றுதிரள்கிறோம். ஆனால் லயத்துப் பிள்ளையொன்றைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் "அது குடும்ப விஷயம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அதனால்தான் இன்று பென் லின்ட்சி என்ற அமெரிக்க நீதவானைப் பற்றிப் பேச நினைத்தோம்.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில், தகப்பன் இறந்தபின் பத்திரிகை போட்டும் கட்டடம் கூட்டியும் குடும்பத்தைத் தாங்கிய பையன் அவர். சட்டம் படித்து, 1901இல் நீதவானானார். அந்த ஆரம்ப நாட்களில் ரயில் பாதையில் நிலக்கரி திருடியதாக ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டப்படி சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பச் சொன்னார். பின்வரிசையிலிருந்து தாய் போட்ட அலறல் அவரை விடவில்லை. அன்றிரவே அந்த வீட்டுக்குப் போனார். உலோகம் உருக்கும் ஆலையில் வேலை செய்து, ஈய நஞ்சேறி, தகப்பன் படுக்கையில் கிடந்தார். குளிருக்கு அடுப்பெரிக்கத்தான் அந்த நிலக்கரி. காய்ந்த மிலாறு பொறுக்கியதற்கு ஏச்சு வாங்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

களவை விசாரித்தவர் களவுக்கான காரணத்தை விசாரிக்கத் தொடங்கினார். பிள்ளை வழிதவறக் காரணமான பெரியவர்களையும் பொறுப்பாக்கும் சட்டம் 1903இல் கொலராடோவில் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கோல்டன் என்ற ஊரிலிருந்த சீர்திருத்தப் பாடசாலைக்குப் பையன்களைக் காவலின்றி, கடிதத்தைக் கையில் கொடுத்துத் தனியே அனுப்பினார். அநேகமாக எல்லோருமே போய்ச் சேர்ந்தார்கள்.

1914 ஏப்ரல் 20 அன்று, அதே மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்களை மாநிலப் படையினர் சுட்டுக் கொளுத்தினார்கள். ஒரு கூடாரத்தின் கீழிருந்த குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 பிள்ளைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். சிறுவர் நீதவானுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவரோ, அந்தக் குழியில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த மேரி பெட்ரூச்சியையும் வேறு பெண்களையும் வாஷிங்டனுக்குக் கூட்டிச் சென்று, ஜனாதிபதி வில்சன் முன் நிறுத்தினார். நமக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அவர் தொழிற்சங்கக்காரர் அல்லர்; நிலக்கரி எடுத்த பையனின் வீடுவரை போனவர், லட்லோப் பெண்களோடு வாஷிங்டன் வரையும் போனார். அவ்வளவுதான்.

கம்பனிக்காரர்கள் பகைத்தார்கள். பின்னர் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. 1924 தேர்தலில் சொற்ப வாக்குகளால் வென்றார். 1927இல் மேல்நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாதென்று சொல்லிப் பதவியைப் பறித்தது.

அவரிடம் பிள்ளைகள் நம்பிச் சொன்ன இரகசியங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. வேறு கைகளுக்குப் போகக்கூடாதென்று, வெளியிடத்தில் குவித்து, தன் கையாலேயே தீ வைத்தார். பிறகு கலிபோர்னியாவுக்குப் போய், 1934இல் அங்கே மறுபடி நீதவானாகத் தெரிவாகி, 1943இல் காலமானார்.

தலைவர்மாரே, தலைவிமாரே, உங்கள் தோட்டத்தில் வழக்கிலுள்ள பிள்ளைகள் இருந்தால், அடுத்த தவணைத் திகதியை இன்று போவதற்குள் எழுதிக் கொடுங்கள். தாயோடு நீதிமன்றத்துக்குப் போக நம்மில் ஒருவர் வருவார்.