தென்காசி வட்டாரத்தில் திருமணப் பதிவுகளைத் தேடிப் பெறும் வழி

திருமணப் பதிவு என்பது ஒரு திருமணம் எங்கே, எப்போது, யாருக்கும் யாருக்கும், யார் முன்னிலையில் நடந்தது என்று எழுதிவைத்த சான்று. கடவுச்சீட்டில் துணைவரின் பெயரைச் சேர்க்கவும், கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறவும், சொத்தில் பங்கு கேட்கவும் இந்தச் சான்று தேவைப்படுகிறது. கைவிடப்பட்ட பெண் ஒருத்தி ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போனாலும், முதலில் கேட்கப்படுவது இதுதான். பாட்டன் பூட்டன் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கோ, பெண்களின் பெயர் எழுத்தில் கிடைக்கிற அரிய இடங்களில் இதுவும் ஒன்று.

தேடலுக்கு அடிப்படை ஒன்றே. திருமணத்தை நடத்திவைத்தவர் அல்லது பதிவு செய்தவர் யாரோ, அவர் கையில்தான் பதிவேடு இருக்கும். ஆகவே அலுவலகப் படியேறும் முன்பு வீட்டிலேயே நான்கு விவரங்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும்: திருமணம் நடந்த ஊர், நடந்த ஆண்டு, நடந்த முறை, மணமக்களின் பெற்றோர் பெயர். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, புகைப்படத்தின் பின்புறக் குறிப்பு, மூத்தவர்களின் நினைவு ஆகியவற்றிலிருந்து இவை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அரசுப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ளன. பத்திர ஆபீஸ் என்று மக்கள் சொல்லும் அதே அலுவலகம்தான். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இவை இயங்குகின்றன. நிலப் பத்திரம் பதிவாகும் இடத்திலேயே திருமணமும் பதிவாகிறது. ஆனால் ஒரே பதிவேட்டில் எல்லாத் திருமணங்களும் இருப்பதில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானதோ, அதற்குரிய பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, இந்துத் திருமணங்களைப் பதிவு செய்ய வழி செய்தது. அந்தப் பதிவேடு உரிய நேரத்தில் யாரும் பார்வையிடத் திறந்திருக்க வேண்டும், கட்டணம் செலுத்தினால் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போய்விடாது என்பதும் அதிலேயே உள்ளது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு சட்ட ஏற்பு அளித்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின.

1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடக்கும் திருமணத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. மணமக்களும் மூன்று சாட்சிகளும் கையொப்பமிட்ட சான்றிதழ், திருமணச் சான்றிதழ்ப் புத்தகத்தில் இடம்பெறும். சாதி, மதம் கடந்து மணந்தவர்களின் பதிவைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புத்தகத்தை. வேறு முறையில் நடந்த பழைய திருமணத்தையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இந்தச் சட்டத்தின் கீழ் பின்னாளில் பதிந்துகொள்ளலாம். ஆகவே திருமண ஆண்டும் பதிவு ஆண்டும் வேறு வேறாக இருக்கக்கூடும்.

எல்லா மதத்தினரும் திருமணத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14 அன்று, சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் உத்தரவிட்டது. குழந்தைத் திருமணத்தையும் இருதார மணத்தையும் தடுப்பதும், மனைவியின் உரிமையைக் காப்பதும் அதன் நோக்கம். அதையொட்டி இயற்றப்பட்ட தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. கோயிலிலோ தேவாலயத்திலோ ஜமாஅத்திலோ எழுதப்பட்டிருந்தாலும், இந்தச் சட்டப்படியும் பதிய வேண்டும். ஆகையால் அந்த நாளுக்குப் பிறகு நடந்த திருமணங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகமே முதல் இடம். பதிவுத்துறையின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம்.

தென்காசி வட்டாரத்தில் தேடுகிறவர்கள் எல்லை மாற்றங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. அதற்கு முந்தைய ஆவணங்களில் மாவட்டத்தின் பெயர் திருநெல்வேலி என்றே இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காதது மாவட்ட அளவிலான பழைய கோப்புகளில் இருக்கலாம். அதற்குத் திருநெல்வேலியிலும் கேட்க வேண்டிவரும்.

செங்கோட்டையின் வரலாறு இன்னும் வேறு. 1956 நவம்பர் 1 வரை அது முதலில் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலுமாக இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த வட்டத்தில் இருந்த ஆரியங்காவு கேரளத்திலேயே நின்றது. ஆகவே 1956க்கு முன்பு செங்கோட்டைப் பக்கம் நடந்த திருமணத்துக்கு உள்ளூர் அலுவலகத்தோடு, கொல்லம் மாவட்ட அலுவலகங்களிலும் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக்காப்பகத்திலும் விசாரிப்பது பயன் தரும். ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள தென்காசியில் அதே ஆண்டு நடந்த திருமணத்துக்கு இந்த வழி பொருந்தாது.

கோயில் திருமணங்களுக்கு வருவோம். இலஞ்சி குமாரர் கோயில், பண்பொழி திருமலைக்கோயில், குற்றாலநாதர் கோயில், தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் ஆகியவை இப்பகுதியில் முகூர்த்தங்கள் நடக்கும் தலங்கள். இந்து சமய அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில்களில் திருமணத்துக்குக் கட்டணம் செலுத்தி ரசீது பெறுவது வழக்கம். அந்த ரசீது திருமணம் நடந்ததற்குத் துணைச் சான்றாகும். ஆனால் அதுவே அரசுப் பதிவு ஆகாது. ரசீது தொலைந்திருந்தால் திருமண நாளைக் குறிப்பிட்டுக் கோயில் செயல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம்.

கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் பதிவேடு தேவாலயத்திலேயே இருக்கும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், பதிவேட்டை வைத்திருப்பவர் கட்டணம் பெற்றுக்கொண்டு தேட அனுமதிக்க வேண்டும், சான்றிட்ட நகலும் தர வேண்டும் என்கிறது. தென்னிந்தியத் திருச்சபையினர் சேகர குருவிடமும், அதற்கு மேல் திருநெல்வேலித் திருமண்டல அலுவலகத்திலும் கேட்க வேண்டும். கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய மறைமாவட்ட அளவிலான ஏடுகள் மதுரையில் இருக்க வாய்ப்புண்டு. கத்தோலிக்கருக்கு இன்னொரு வழியும் உண்டு. திருமணம் நடந்த செய்தி, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். திருமணம் நடந்த தேவாலயம் தெரியாதபோது அந்தக் குறிப்பே வழிகாட்டும். மணமக்களின் பெயரை ஞாயிறுதோறும் ஓலை வாசித்து அறிவித்த விவரமும் சில ஆலயங்களில் எழுதிவைக்கப்பட்டிருக்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் குற்றாலத்துக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்து தங்கிய ஐரோப்பியர்களின் திருமணப் பதிவுகள் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆலயங்களிலிருந்து சென்னை வழியாக அனுப்பப்பட்ட நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. சென்னை மாகாணத்துக்குரிய வரிசையின் குறியீடு 'என் 2'. அவற்றில் தேடும்போது பழைய ஆங்கில வழக்கில் டின்னவெல்லி, கோர்ட்டாலம், ஷென்கோட்டா என்ற பெயர்களில் தேட வேண்டும்.

கடையநல்லூர், தென்காசி, பொட்டல்புதூர், புளியங்குடி ஆகிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் திருமணப் பதிவேடான நிக்காஹ் தப்தரே முதன்மை ஆவணம். மணமகன், மணமகள், பெண்ணின் பொறுப்பாளரான வலீ, இரு சாட்சிகள், மகர் தொகை ஆகியவை அதில் எழுதப்படும். எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பம் என்று தெரிந்தால் தேடல் எளிதாகும். இவ்வூர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் பலர். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. முஸ்லிம் திருமணப் பதிவுக்கான சட்டம் சிங்கப்பூரில் 1880இலேயே வந்துவிட்டதால், ஊரில் கிடைக்காத பதிவு அங்கே கிடைக்கவும் வாய்ப்புண்டு.

பழைய ஏடுகளைப் புரட்டும்போது நாள் கணக்கைக் கவனிக்க வேண்டும். நெல்லைச் சீமையிலும் திருவிதாங்கூரிலும் கொல்லம் ஆண்டு புழக்கத்தில் இருந்தது. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 என்பது 1924, 1925. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: விபவ என்பது 1928ஆகவும் இருக்கலாம், 1988ஆகவும் இருக்கலாம். நிக்காஹ் ஏடுகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். மாதம் தெரியாத இந்துத் திருமணமாக இருந்தால், பெரும்பாலோர் முகூர்த்தம் வைக்காத ஆடி, மார்கழியைப் பின்னுக்குத் தள்ளி, தை, வைகாசி, ஆவணி என்று தேடலாம். தலைப்பெழுத்து மாறியிருக்கலாம், வீட்டில் அழைத்த பெயரும் ஏட்டில் எழுதிய பெயரும் வேறாக இருக்கலாம். அதனால் பெற்றோர் பெயரை ஒப்பிட்ட பிறகே பதிவை உறுதி செய்ய வேண்டும்.

விண்ணப்பம் சுருக்கமாக இருப்பது நல்லது. மணமக்களின் முழுப்பெயர், பெற்றோர் பெயர், திருமண நாள் அல்லது ஐந்தாண்டுக்குள் ஒரு கால அளவு, திருமணம் நடந்த இடம், தெரிந்தால் பதிவு எண், நகல் கேட்பவரின் உறவு, தேவையின் நோக்கம் ஆகியவற்றை எழுதி, அடையாளச் சான்றின் நகலை இணைக்க வேண்டும். ஆண்டு சரியாகத் தெரியாதபோது தேடுதல் கட்டணம் கூடலாம். வெளியூரில் இருப்பவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்தோடு உறவினரை அனுப்பலாம். வெறும் ஒளிநகல் போதாது. முத்திரையும் கையொப்பமும் உள்ள சான்றிட்ட நகலையே கேட்டு வாங்க வேண்டும். பதிவு இல்லை என்று அலுவலகம் சொன்னால், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடப்பட்டது என்பதோடு அதையும் எழுத்தில் பெற வேண்டும். அரசு அலுவலகம் பதிலே தராவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு கொடுக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சான்றிதழுக்கு மேலொப்பம் தேவை. ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை போதும். அதில் சேராத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும்.

எந்த ஏட்டிலும் பதியாத திருமணங்களும் ஏராளம். அவற்றுக்குக் கல்யாணப் பத்திரிகை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, திருமணத்துக்கு வந்தவர்களின் வாக்குமூலம் ஆகியவை சேர்ந்து சான்றாகும். நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை மணமானவர்கள் என்றே நீதிமன்றங்கள் கருதிவந்துள்ளன. கணவனும் மனைவியும் உயிரோடு இருக்கும்போதே பழைய திருமணத்தைப் பதிந்துவிடுவது எளிது. ஒருவர் மறைந்த பிறகு அந்தச் சுமை பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகிறது. வருவாய்த் துறையின் வாரிசுச் சான்றுக்கோ நீதிமன்றத் தீர்ப்புக்கோ அவர் காத்திருக்க நேர்கிறது.